ஒரு படகு விசாரம்

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் கூடும் ஜனத்திரளைக் கடலூர் ஜில்லாவாசிகளுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. சுற்றுவட்டாரத்துத் தெய்வங்களெல்லாம் தீர்த்தவாரிக்கென்று எழுந்தருளித் திரும்பி, மேளமும் வேட்டும் ஓய்ந்து, முன்னோருக்குத் தர்ப்பணம் செய்தவர்களும் பிள்ளைகளுக்கு ஊதல் வாங்கிக் கொடுத்தவர்களும் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, மறுநாள் விடியற்காலையில் அந்த மணல் மறுபடியும் மீனவர்களுடையதாகி விடுகிறது. அத்தகைய ஒரு விடியற்காலையில்தான், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கும் என் அண்ணன் மகன், என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டு, ஆறு மாத காலமாகத் தன் மனத்தை அரித்துக்கொண்டிருந்த விஷயத்தைச் சொன்னான்.

"சித்தப்பா, எங்க வீட்டுக்குப் பக்கத்துல பெரிய ஏரி ஒண்ணு இருக்கு. படகு வாங்கணும். ஜெட் படகு வாங்கறதா, வேக்சர்ஃப் படகு வாங்கறதான்னு புரியல. நீங்க என்ன சொல்றீங்க?"

கடலூர் முதுநகரில், படகு எஞ்சின்களுக்கு உதிரிச் சாமான் விற்கும் கடையொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதியவன் என்பதைத் தவிர, இத்தகைய விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆயினும் அந்தக் கடையில் அத்தனை காலம் உட்கார்ந்திருந்தவனுக்கு, படகு வாங்கிவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் பெரும்பாலோர் ஒரே தவற்றைச் செய்தவர்கள் என்பது தெரியாமல் போகாது. படகை அவர்கள் ஆசை தீரப் பார்த்திருப்பார்கள். அது ஓட வேண்டிய தண்ணீரைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகையால் அவனுக்கு உடனே விடை சொல்லாமல், எதிரே நடப்பதைச் சற்றுப் பார் என்றேன்.

எதிரே ஐந்து பேர் ஒரு ஃபைபர் படகைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தோளைக் கொடுத்து மணலில் சறுக்கிக் கொண்டுவந்த படகின் அணியம் முதல் அலையின் நுரையைத் தொட்டதும், அவர்கள் மேலே தள்ளாமல் நின்றுவிட்டார்கள். ஒரு பெரிய அலை வந்து உடைந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்து, அவர்களுடைய இடுப்புவரை நனைத்துவிட்டுத் திரும்பிற்று. அதன் பின்னே கடல் மூச்சு வாங்குவதுபோல் ஒரு கணம் தணிந்தபோது, வயதில் மூத்தவர் என்ன சொன்னார் என்பது காற்றில் எங்கள் காதுக்கு எட்டவில்லை, ஆனால் ஐந்து பேரும் ஒருசேரத் தள்ளி ஒருவர்பின் ஒருவராக உள்ளே தாவி ஏறிவிட்டார்கள். அதுவரை பின்புறத்தில் ஆகாயத்தை நோக்கித் தூக்கி வைத்திருந்த நீண்ட இரும்புத் தண்டை, அதன் நுனியில் கையகலமே உள்ள விசிறியோடு, கடைசியாக ஏறியவர் நீருக்குள் இறக்கினார். எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. அடுத்த அலை உடைவதற்குள் படகு அதன் முதுகின்மேல் ஏறி அப்பால் போய்விட்டது.

"அந்தத் தண்டைப் பார்த்தாயா?" என்று கேட்டேன். "கரையில் இருக்கும்போது மேலே, ஆழம் கிடைத்த பிறகு கீழே. நீ கேட்ட கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. தள்ளுகிற சாதனம் படகின் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்தப் படகின் குணமும் குற்றமும் முக்கால் பங்கு தெரிந்த மாதிரி."

இந்தக் கரையின் சரித்திரமே அதற்குச் சாட்சி. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அருகில், கெடிலத்தின் ஓரத்தில், செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் அதை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுந்த எல்லை வரையிலுள்ள கிராமங்களையும் சேர்த்துப் பெற்றார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரும் கடலூரின் குண்டு சாலையும் அந்த ஞாபகத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. 1746-இல் சென்னைப்பட்டணம் பிரெஞ்சுக்காரர் வசமானபோது, சில ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் கம்பெனியாருக்குத் தலைமையிடமாக இருந்ததும் இதுவே. சமுத்திரங்களைக் கடந்து வந்த அவர்களுடைய கப்பல்கள், பாய்மரங்களோடும் பீரங்கிகளோடும் அத்தனை கம்பீரமாக வந்தும், கரையிலிருந்து எட்டவே நங்கூரமிட வேண்டியிருந்தது. இடையிலிருந்த அந்தச் சிறு தூரத்தைக் கடக்க, ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகும், நான்கைந்து கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரமுமே உதவின. ஆணியடித்த பலகை அலையின் அடியில் பிளந்துவிடும். தைத்த பலகை வளைந்து கொடுக்கும். கட்டுமரத்துக்குள் புகுந்த தண்ணீர் புகுந்த வழியே வெளியேறிவிடும். கட்டுமரம் என்ற சொல்லையே ஐரோப்பியர் தங்கள் பாஷையிலும் எடுத்துக்கொண்டார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை இந்தக் குப்பத்தைச் சூறையாடிய பிறகு, உதவி செய்ய வந்த ஸ்தாபனங்கள் ஃபைபர் படகுகளை ஏராளமாக வழங்கியதால், கட்டுமரங்கள் வெகுவாக அருகிப் போயின. ஆனால் வந்த படகும் மணலில் சறுக்கவும் அலையில் ஏறவும் கூடிய படகாகவே வந்தது.

ஜெட் படகும் இப்படி ஒரு நீரின் நிர்ப்பந்தத்தால் பிறந்ததுதான். நியூஸீலாந்து தேசத்தின் தென் தீவில், ஐரிஷ்மன் க்ரீக் என்ற இடத்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த பில் ஹாமில்டன் என்பவர், 1899-இல் பிறந்தவர், தம் ஊர் நதிகளில் படகில் போக ஆசைப்பட்டார். அந்த நதிகளோ மலையிலிருந்து கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு பல கிளைகளாகப் பிரிந்து ஓடுபவை; அநேக இடங்களில் முழங்கால் ஆழங்கூட இராது. சாதாரண விசைப் படகின் விசிறி அங்கே ஒரு நாழிகை தாங்காது. எனவே அவர் விசிறியையே படகின் வயிற்றுக்குள் கொண்டுபோய் ஒரு குழாயில் அடைத்து, அடிப்பாகத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீறிட்டு அடிக்கும் யந்திரத்தை 1954-இல் ஓடச் செய்தார். முதலில் தண்ணீரை நீருக்கடியிலேயே பீய்ச்சிப் பார்த்தார். அதில் வேகம் போதவில்லை. பீய்ச்சும் வாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தியதும் படகு பாய்ந்து சென்றது.

இதன் தத்துவம் நம் வயற்காட்டுப் பம்புசெட்டில் இருப்பதே. தண்ணீர் முழு வேகத்தில் வரும்போது ரப்பர்க் குழாயைக் கைநழுவ விட்டவர்கள், அது பாம்புபோல் துள்ளிப் பின்னோக்கிப் பாய்வதைக் கண்டிருப்பார்கள். தண்ணீர் முன்னே போகிற வேகத்துக்கு ஈடாகக் குழாய் பின்னே உதைக்கிறது. அந்த உதையைப் படகின் மேல் வாங்கிக்கொண்டால் அதுவே ஜெட் படகு. திருப்புவதற்குச் சுக்கான் இல்லை. பீய்ச்சும் வாயை இடமோ வலமோ திருப்பினால் படகு திரும்புகிறது. பின்னே செல்ல வேண்டுமானால், அந்த வாய்க்கு எதிரே வளைந்த தகடொன்றை இறக்க, நீர்த்தாரை முன்பக்கமாக மடங்கிப் படகைப் பின்னுக்கு இழுக்கிறது. 1960-இல் அமெரிக்காவின் கொலராடோ நதியில், மகா பள்ளத்தாக்கின் சுழல்களையும் பாறைகளையும் எதிர்த்து, நீரோட்டத்துக்கு மேல்முகமாகச் சென்ற முதற் படகுகள் ஹாமில்டனின் படகுகளே.

நம் பாரத தேசத்துக்கும் இந்தப் படகுக்கும் மறக்க முடியாத ஓர் உறவு உண்டு. எவரெஸ்ட் சிகரத்தில் டென்ஸிங்கோடு முதலில் கால் வைத்த எட்மண்ட் ஹிலாரி, 1977-ஆம் ஆண்டில், கங்கை சமுத்திரத்தோடு கலக்கும் இடத்திலிருந்து இமயமலையை நோக்கி, அந்தப் புண்ணிய நதியின் வழியாகவே எதிர்நீச்சலாய்ப் போவதென்று சங்கற்பம் செய்துகொண்டு புறப்பட்டார். அவர் கொண்டுவந்தவை 'கங்கா', 'ஏர் இந்தியா', 'கிவி' என்று பெயரிட்ட மூன்று ஜெட் படகுகள். சுந்தரவனத்துக் கழிகளையும், பீகார் சமவெளியில் கடல்போல் அகன்ற வெள்ளத்தையும், ஹரித்துவாரத்துக்கு மேலே பாறைகளுக்கிடையில் நுரைத்து விழும் பிரவாகத்தையும் அந்தப் படகுகள் கடந்தன. நந்தப்பிரயாகைக்கருகே ஓர் அருவி குறுக்கே நின்று தடுத்த பிறகே அவை நின்றன. ஒரே படகு இத்தனை விதமான நீரில் ஓடிற்று என்பதைக் காட்டிலும் ஜெட் யந்திரத்துக்கு வேறு நற்சாட்சிப் பத்திரம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

வேக்சர்ஃப் படகின் நோக்கம் முற்றிலும் வேறு. அது ஓரிடத்துக்குப் போவதற்காகக் கட்டப்பட்டதன்று. தன் பின்னால் ஓர் அலையை உண்டாக்குவதற்காகக் கட்டப்பட்டது. சாதாரணமாக ஒரு படகைக் கட்டுகிறவன், அது தண்ணீரை எவ்வளவு குறைவாகக் கலக்கிக்கொண்டு போகும் என்று பார்ப்பான். இதைக் கட்டுகிறவனோ, எவ்வளவு அதிகமாகத் தண்ணீரைத் தோண்டி எறியும் என்று பார்க்கிறான். வெறும் படகே பெரும்பாலும் இரண்டு டன் அளவுக்குப் பாரம் உள்ளது. அதன் வயிற்றிலுள்ள தொட்டிகளில் பம்பு வைத்து ஏரித் தண்ணீரையே ஏற்றி, மேலும் ஒரு டன்னோ அதற்கு மேலுமோ கனமாக்குகிறார்கள். கனத்த படகு ஆழ அமிழும். அமிழ்ந்த அளவுக்குத் தண்ணீரை விலக்கும். அப்படி விலகிய நீர் இருபுறமிருந்தும் படகின் பின்னே வந்து மோதி எழும்போது அலையாகிறது. படகின் பின்மூலை ஒன்றில் ஒரு சிறு தகட்டைக் கதவுபோல நீட்டிவிட்டால், அந்தப் பக்கத்துத் தண்ணீர் மற்றப் பக்கத்துத் தண்ணீரைவிடச் சிறிது தாமதமாக வந்து சேர்கிறது. அந்தச் சிறு தாமதத்தினால் ஒரு பக்கத்து அலை சிதறாமல், கண்ணாடிபோல் வழுவழுப்பாக, இடுப்பளவு உயர்ந்து நின்றுவிடுகிறது. மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில், அதாவது நம் ஊரில் ஒருவர் நிதானமாகச் சைக்கிளில் போகும் வேகத்தில், படகு போய்க்கொண்டே இருக்க, பலகையின்மேல் நிற்பவன் கயிற்றைப் பிடித்து எழுந்து, அலையின் சரிவு தன்னைத் தாங்குகிறது என்று கண்டதும் கயிற்றைப் படகுக்குள் எறிந்துவிடுகிறான். அதற்கப்புறம் அவனைக் கொண்டுபோவது அலை ஒன்றே. கடலே இல்லாத தேசத்தில், மலை நடுவிலுள்ள ஏரியில், அலைச்சறுக்கு ஆடும் ஆனந்தத்தை இவ்வாறு சிருஷ்டித்துக்கொண்ட மனித புத்தியை மெச்சாமல் இருக்க முடியாது.

ஆனால் இதில் உயிர் சம்பந்தமான ஒரு விஷயம் இருக்கிறது. அலையில் நிற்பவனுக்கும் படகின் பின்விளிம்புக்கும் இடையே இரண்டு ஆள் நீளமே இருக்கும். அவன் முன்னால் விழுந்தால் படகின் அடியிலேயே போய்ச் சேரக்கூடும். பின்விளிம்பில் எஞ்சின் மாட்டி விசிறி வெளியே சுழலும் சாதாரண மோட்டார் படகின் பின்னே இந்த விளையாட்டை ஒருபோதும் ஆடலாகாது என்று விவரமறிந்தவர்கள் அனைவரும் எச்சரிப்பது இதனால்தான். வேக்சர்ஃப் படகில் எஞ்சின் உள்ளே இருக்கிறது. விசிறி பின்விளிம்பிலிருந்து தள்ளி, அடிவயிற்றுக்குக் கீழே சுழல்கிறது. 2015-ஆம் ஆண்டளவில் வால்வோ பெண்டா கம்பெனியார் விசிறியை முன்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்த ஓர் அமைப்பையும் கொண்டுவந்தார்கள். ஜெட் படகில் வெளியே சுழலும் விசிறி என்பதே கிடையாது. பின்புறப் படிக்கட்டில் குழந்தைகள் ஏறி இறங்கும் குடும்பத்துக்கு இது சாமான்யமான நன்மையன்று. இரண்டு வகைப் படகிலும் எஞ்சின் புகை பின்புறத்தில் தேங்கும்; அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு மணமும் நிறமும் இல்லாத விஷமாகையால், எஞ்சின் ஓடும்போது பின்மேடையில் யாரையும் உட்கார விடக்கூடாது.

ஜெட் படகுக்கும் குறைகள் இல்லாமலில்லை. விசையைத் தளர்த்திவிட்டால் நீர்த்தாரை நின்றுபோகும். நீர்த்தாரை நின்றால் படகைத் திருப்பும் சக்தியும் உடனே போய்விடும். எதிரே ஏதோ வருகிறதென்று பயந்து விசையை விட்டவன், படகு நேராக அதன்மேலேயே போவதைக் கண்டு திகைக்கிறான். புதிதாகக் கற்கிறவர்கள் முதலில் பழக வேண்டியது, ஆபத்தில் விசையை முழுதும் விட்டுவிடாமல் திருப்புகிற பழக்கத்தையே. உறிஞ்சும் வாய் தண்ணீரை மட்டும் உறிஞ்சுவதில்லை. பாசி, மணல், கூழாங்கல், அஜாக்கிரதையாகத் தொங்கவிட்ட கயிறு என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். அலை விஷயத்தில் அதன் குறை இன்னும் அடிப்படையானது. இலேசாகவும் தட்டையாகவும் கட்டப்பட்டதால்தான் அது முழங்கால் தண்ணீரில் ஓடுகிறது. அதே காரணத்தால்தான் அது தண்ணீரைத் தோண்டுவதில்லை. போதாததற்கு, பின்னால் பீறிடும் தாரை காற்றையும் நுரையையும் கலந்து, அலை எழ வேண்டிய இடத்தையே கலக்கிவிடுகிறது. பாரத் தொட்டியும் பக்கத் தகடும் வைத்து ஜெட் படகிலேயே அலை எழுப்பும்படி செய்து விற்கிறார்கள். குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் அந்த அலை போதும். ஆனால் வேக்சர்ஃப் படகின் அலைக்கு அது நிகராகுமென்று யாராவது சொன்னால், அவர் விற்கிறவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

இவற்றையெல்லாம் பேசிய பிறகு, அவனுடைய தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். அணைக்கட்டினால் உண்டான ஏரி அது. பழைய காட்டை மூழ்கடித்துக் கட்டியதால் சில பகுதிகளில் மரக்கட்டைகள் இன்னும் நீருக்கடியில் நிற்கின்றன. மழை பொய்த்த கோடையில் நீர்மட்டம் ஆள் உயரத்துக்கு மேல் இறங்கிவிடும். அவனுக்கு ஏழு வயதிலும் பதினோரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மனைவிக்கு, மணல் திட்டின் ஓரத்தில் படகைக் கட்டிவிட்டுக் கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார வேண்டுமென்று ஆசை. அலையில் சறுக்க ஆசைப்படுகிறவன் அவன் ஒருவனே. அதுவும் கோடையில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள். விலையோ, புதிய வேக்சர்ஃப் படகு ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது. சிறிய ஜெட் படகு அதில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது.

"அப்படியானால் ஜெட் படகை வாங்கு," என்றேன். "உன் ஏரியும் அதைத்தான் கேட்கிறது, உன் குடும்பமும் அதைத்தான் கேட்கிறது. அலை உனக்குப் பிராணன் என்றால், ஏரி ஆழமாகவும் அகலமாகவும் இருந்தால், வாரந்தோறும் போவாய் என்றால், மற்றதை வாங்கச் சொல்லியிருப்பேன். அப்போது ஜெட் படகை வாங்கி அதில் மூட்டை மூட்டையாகப் பாரம் ஏற்றாதே, படகில் பொறித்திருக்கும் பாரக் கணக்கை மீறாதே என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். எதற்கும், வாங்குவதற்கு முன்னால் இரண்டையும் ஒவ்வொரு நாள் வாடகைக்கு எடுத்து, துறையில் கொண்டுவந்து கட்டிப் பார்."

துறையில் கட்டுவதை நான் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. மெதுவாகப் போகும்போது ஜெட் படகு அங்குமிங்கும் அலையும். வேக்சர்ஃப் படகோ முன்னே போவதில் நன்றாகச் சொல் கேட்டாலும், பின்னே போகும்போது பலவற்றில் ஒரே பக்கமாக இழுக்கும். ஓடும்போது சந்தோஷம் தந்த படகு, கட்டும்போது பக்கத்துப் படகின்மேல் மோதினால் அந்த நாளே கசந்துவிடும். தொட்டிகளில் ஏற்றிய நீரைச் சொட்டு மிச்சமில்லாமல் வடிப்பதும் பெரிய வேலை. டெக்ஸாஸில் வரிச்சிப்பி ஒன்று ஏரிக்கு ஏரி இப்படி நீர்வழியே பரவிக் குழாய்களை அடைத்துவிடுவதால், நீரை வடிக்காமல் படகை வெளியே கொண்டுபோவது சட்ட விரோதம்.

அவன் திருப்தியடைந்தான். ஆனால் வாலிபன் அல்லவா, உடனே அடுத்த கேள்வி பிறந்தது: "நம்ம ஊர்லயும் இதைக் கொண்டுவந்தா என்ன சித்தப்பா? பிச்சாவரம் இருக்கு, வீராணம் இருக்கு. சுற்றுலாவுக்கு எவ்வளவு பேர் வருவாங்க!"

அதற்கும் வாயால் விடை சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவதே நல்லதென்று, மறுநாள் சிதம்பரம் வழியாகப் பிச்சாவரத்துக்கு அவனை அழைத்துச் சென்றேன். துடுப்புப் படகொன்றை அமர்த்திக்கொண்டு, அகன்ற கழியைத் தாண்டி, கிளைகள் தலைக்குமேல் பந்தலிட்ட ஒரு குறுகிய வாய்க்காலுக்குள் நுழைந்தோம். துடுப்பு நீரைத் தொடும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. இருபுறமும் சுரபுன்னையின் வேர்கள் வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றியிருந்தன. அவற்றின் பின்னே வெண்கண்டல் மரங்களின் மூச்சு வேர்கள் ஆயிரக்கணக்கில், நட்டு வைத்த பென்சில்கள்போல், சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வேரிலும் ஈரம் முடிந்து உலர்ந்த பாகம் தொடங்கும் இடத்தில், பென்சில்கோடு அகலமே உள்ள சேற்று வரி ஒன்று இருந்தது. அந்த வரிக்குச் சற்று மேலே ஒரு சிறு நண்டு அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் அங்கே உண்டு. பால் கண்ணில் பட்டால் பார்வை கெட்டுவிடும், கிளையை ஒடிக்காதீர்கள் என்று படகோட்டி எச்சரித்தார்.

அந்தச் சமயத்தில் வெளியே பெரிய கழியில் ஒரு மோட்டார் படகு போயிற்று. எங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை, சப்தம் மட்டுமே கேட்டது; அந்தச் சப்தத்திலிருந்து அது மிதமான வேகத்தில்தான் செல்வதாகத் தோன்றிற்று. சிறிது நேரம் கழித்து வாய்க்காலின் வாயிலிருந்து ஒரு மெல்லிய நீர்மடிப்பு ஓசையின்றி வந்து, எங்கள் படகைத் தூக்கித் தாழ்த்திவிட்டு, வேர்களுக்குள் புகுந்தது. நண்டு மேலே ஓடிற்று. நீர் திரும்பியபோது, வேர்களுக்கிடையிலிருந்து புகைபோலச் சேறு கரைந்து வெளியே வந்தது.

"பாத்தீங்களா சார்," என்றார் படகோட்டி. "இது சின்ன போட்டு. இதுக்கே இப்படி."

"பெரிய அலை வந்தால் என்ன ஆகும், தம்பி?" என்று கேட்டேன்.

"கரை நிக்காது சார். மண்ணு போச்சுன்னா மரம் சாஞ்சிரும்."

படகோட்டி தம் வாழ்நாள் அனுபவத்தால் சொன்னதை, அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலையார் அளந்து சொல்லியிருக்கிறார்கள். வேக்சர்ஃப் படகு கிளப்பும் அலை, சாதாரண உல்லாசப் படகின் அலை அளவுக்குத் தணிய 500 அடிக்கு மேற்பட்ட தூரம் வேண்டும் என்பது 2022-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. வெர்மாண்ட் மாகாணம் 2024-இல் செய்துகொண்ட விதிகளின்படி, கரையிலிருந்து 500 அடி விலகி, 20 அடி ஆழத்துக்குக் குறையாத நீரில், 50 ஏக்கருக்குக் குறையாத விஸ்தீரணம் கிடைக்கும் இடத்தில் மட்டுமே இந்த விளையாட்டு நடைபெறலாம். பிச்சாவரத்தில் இந்த மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஜெட் படகு ஆழமின்மையைப் பொருட்படுத்தாதென்றாலும், இலையும் சேறும் நிறைந்த அந்த நீரை உறிஞ்சி அதன் யந்திரம் அடைபடும். அடைபடாவிட்டாலும் அந்த இரைச்சலும் வேகமும் அங்கே கூடுகட்டும் பறவைகளுக்கும் குஞ்சு பொரிக்கும் மீன்களுக்கும் ஆகாதவை.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் இந்தக் கண்டல் காடு 2022-இல் ராம்சர் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் மதிப்பை எங்கள் ஜில்லா அதற்கு வெகு முன்னரே, மிகக் கொடிய முறையில், தெரிந்துகொண்டுவிட்டது. கடலூர் ஜில்லாக் கரையில் மரங்களின் மறைவில் இருந்த கிராமங்கள் ஆழிப்பேரலையில் குறைவாகவே சேதமடைந்தன என்று, 2005-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சி கண்டது. அன்றைக்கு ஊரைக் காத்த வேர்களை இன்றைக்கு விளையாட்டு அலையால் கரைப்பது நன்றிகெட்ட காரியம் என்று நான் சொன்னபோது, என் அண்ணன் மகன் ஒன்றும் பேசாமல், நண்டு மறுபடி இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீராணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோழர் காலத்தில் எடுப்பித்து, பத்து நூற்றாண்டுகளாகப் பாசனத்துக்கு உதவி, இப்போது சென்னைக்குக் குடிநீரும் அளிக்கும் அந்த ஏரியின் மண்கரையின்மேல் இடைவிடாது செயற்கை அலையை மோதவிட எந்தப் பொறியாளரும் சம்மதிக்க மாட்டார். தேவனாம்பட்டினத்துக் கடலிலோ கரையோரமெங்கும் வலைகள். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய நீரைச் சிறு படகுக்காரர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. அந்த எல்லைக்குள் உல்லாசப் படகு பாய்ந்தால் அறுபடுவது ஒரு குடும்பத்தின் மூலதனம். அலையில் சறுக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு எஞ்சினும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலகையை எடுத்துக்கொண்டு கடலிலேயே இறங்கி, ஆசியப் போட்டி 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்துக்கே வரும் அளவுக்கு இந்த வித்தையை வளர்த்துவிட்டார்கள். ஜெட் யந்திரத்துக்கு நம் கரையில் ஒரு வேலை உண்டென்றால், அது மூழ்குகிறவர்களை மீட்கும் வேலை. நீரில் தத்தளிப்பவனருகே வெளியே சுழலும் இரும்பு இல்லாமல் போய்ச் சேரக்கூடிய யந்திரச் சாதனம் அது. திருவிழாக் கூட்டம் இறங்கும் ஒவ்வொரு கடற்கரையிலும் அதற்கு இடமுண்டு என்று நம்புகிறேன்.

ஊர் திரும்பிய அண்ணன் மகன் ஜெட் படகையே வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறான். இதை வாசிக்கும் அன்பர்களில் டெக்ஸாஸில் படகு வாங்கப் போகிறவர்கள் சிலரே இருக்கக்கூடும்; பிச்சாவரத்துக்குப் போகிறவர்கள் அநேகர் இருப்பீர்கள். அங்கே படகுத்துறையில் சீட்டு வாங்கும்போது துடுப்புப் படகையே கேட்டு வாங்குங்கள். லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டிக்கொள்ளுங்கள். குறுகிய வாய்க்காலுக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிடுங்கள். படகோட்டி மற்றதைக் காட்டுவார்.